வேடந்தாங்கல் கரையில் பறவை பார்ப்பதும் படமெடுப்பதும்: புதியவர்களுக்கான செய்முறை

பறவைகளைப் படமெடுக்கத் தொடங்குவோர் முதலில் லென்ஸைப் பற்றியே கேட்கிறார்கள். ஆனால் எப்போது போகிறோம், கரையில் எங்கே நிற்கிறோம் என்பவைதாம் படத்தின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கத்திலுள்ள வேடந்தாங்கல் ஏரியை எடுத்துக்காட்டாக வைத்து, ஒரு காலைப் பொழுதை எப்படிச் செலவிடலாம் என்று பார்ப்போம்.

படி 1: ஏரியில் தண்ணீர் உள்ளதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்

வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பினால்தான் நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் பறவைகள் கூடு கட்டும். நவம்பர் முதல் மார்ச் வரை பருவம் என்றாலும், மழை பொய்த்த ஆண்டில் கூட்டம் வெகுவாகக் குறைந்துவிடும்.

படி 2: கருவிகள்

8x42 அளவுள்ள (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலமுள்ள) பைனாகுலர், 300 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட குவியத்தூரமுள்ள லென்ஸ், மங்கிய நிற உடை, குடிநீர் ஆகியவை போதும். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

படி 3: முதல் அரை மணி நேரம் கேமராவைத் தொடாதீர்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். பைனாகுலரில் ஒவ்வொரு மரமாகப் பாருங்கள். அலகுகளை மூடிய பின்னும் நடுவே இடைவெளி தெரிந்தால் அது நத்தைகுத்தி நாரை. மஞ்சள் அலகும், மார்பின் குறுக்கே கறுப்புப் பட்டையும், வாலருகே இளஞ்சிவப்பும் இருந்தால் மஞ்சள்மூக்கு நாரை. மொட்டையான கறுப்புத் தலையும் கீழ்நோக்கி வளைந்த அலகும் கொண்டது வெள்ளை அரிவாள்மூக்கன். தட்டையான அலகை நீருக்குள் பக்கவாட்டில் வீசியபடி நடப்பது கரண்டிவாயன். கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்துவதைப் பாம்பு என்று எண்ணிப் பதற வேண்டாம், அது பாம்புத்தாரா. எந்தப் பறவை எந்தக் கிளைக்குத் திரும்பத் திரும்பக் குச்சி கொண்டுவருகிறது என்று தெரிந்துகொண்டால், அடுத்த வரவுக்கு முன்பே லென்ஸை அங்கே திருப்பி வைத்திருக்கலாம்.

படி 4: வெயிலையும் காற்றையும் பார்த்து நில்லுங்கள்

உங்கள் நிழல் பறவையை நோக்கி விழும் இடம்வரை கரையில் நடந்து செல்லுங்கள். சூரியனுக்கு எதிரே நின்றால் வெள்ளைப் பறவையும் கரிய உருவமாகவே பதியும். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்பும், இறங்கும். ஆகவே காற்று உங்கள் முதுகில் படும் இடத்தில் நின்றால் அவை உங்கள் பக்கம் முகம் காட்டியே வந்திறங்கும். வெயிலும் காற்றும் ஒரே பக்கத்திலிருந்து வராத நாளில் வெயிலுக்கே முன்னுரிமை கொடுங்கள்.

படி 5: கேமரா அமைப்புகள்

அமர்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி அளவிலும், பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி அளவிலும் இருக்கட்டும். அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6 முதல் 8 வரை இருக்கலாம், ஐ.எஸ்.ஓ.வை (ஒளியுணர்திறனை) தானியங்கி முறையில் விட்டுவிடலாம். நகரும் பறவையைப் பின்தொடரும் தொடர் ஃபோகஸைத் தேர்ந்து, பறவையின் கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். இருண்ட இலைகளுக்கு முன் வெண்கொக்கு நின்றால் கேமரா இருட்டைக் கணக்கிட்டு ஒளியைக் கூட்டிவிடும், இறகின் வரிகளும் வெளுத்துப்போகும். எனவே எக்ஸ்போஷரை (பதியும் ஒளியின் அளவை) 2/3 முதல் 1 ஸ்டாப் வரை குறையுங்கள்; ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும். பளிச்சென்ற வானத்தில் பறக்கும் நீர்க்காகத்துக்கு அதே அளவு கூட்டுங்கள். பெரிய பறவை சற்றுக் குனிந்து எச்சமிட்டால் உடனே விரலைத் தயாராக வைத்திருங்கள், பல வேளைகளில் அடுத்த நொடி அது பறந்துவிடும்.

படி 6: கூடுகளை விட்டு விலகியே இருங்கள்

கைதட்டிப் பறக்கவிடுவதும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடுவதும் கூடாது. தாய்ப்பறவை மிரண்டு எழுந்த சிறு இடைவெளியே காகம் முட்டையைத் தூக்கிச் செல்லப் போதுமானது. தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் இப்பறவைகளைக் காத்துவரும் ஊர் இது.

படி 7: வெயில் ஏறியதும் நிறுத்துங்கள்

வெயில் ஏற ஏறக் கானல் எழும்பி, தொலைவில் எடுக்கும் படங்கள் நெளிந்து தெளிவிழக்கும்; அதை லென்ஸின் குறை என்று எண்ண வேண்டாம். கேமராவைப் பையில் வைத்துவிட்டு, பார்த்தவற்றின் பெயர், எண்ணிக்கை, நேரம் ஆகியவற்றை பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் (eBird) செயலியில் பதியுங்கள். அருகிலுள்ள கரிக்கிலி ஏரிக்குச் சென்று பைனாகுலரில் வாத்துகளைத் தேடவும் அந்த நேரம் உதவும்.