லவ், பாஷன் (passion), இன்ஃபாச்சுவேஷன் (infatuation): எதை எங்கே போடுவது?

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் ஒரு ஹோட்டல் வேலைக்கு விண்ணப்பம் எழுதிய பக்கத்து வீட்டுத் தங்கச்சி, அனுப்ப முதல் என்னிடம் காட்டினாள். "சின்ன வயதிலிருந்தே ஹோட்டல் துறையில் மோகம்" என்று தமிழில் யோசித்து, அகராதியில் மோகத்துக்கு எதிரே கிடந்த சொல்லைத் தூக்கிப் போட்டிருந்தாள்: இன்ஃபாச்சுவேஷன். அன்றைக்கு அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் இது. பள்ளிக்கூட ஓ.எல். (சாதாரண தரம்) ஆங்கிலம் போதும்.

படி 1: யாரில் என்று பார்க்காதீர்கள்

தமிழில் ஆளைப் பார்த்துத்தான் சொல் வரும். அம்மாவில் பாசம், கோணேசரில் பக்தி, கட்டப்போகிறவரில் காதல், கொத்துரொட்டியில் விருப்பம். ஆங்கிலத்தில் நாலுக்கும் லவ் ஒன்றே போதும். அங்கே கேள்வி வேறு: உணர்ச்சி எவ்வளவு சூடு? சொல்கிறவர் அதை மதிக்கிறாரா, நக்கலடிக்கிறாரா?

ஒரு எச்சரிக்கை. ஆள் ஒருவரைப் பற்றி 'இன் லவ் வித்' என்றால் அது காதல் மட்டும்தான். அம்மாவுக்குப் போட்டுவிடாதீர்கள்.

படி 2: சூட்டைப் பாருங்கள்

பிரட்ரிக் கோட்டைப் பக்கம் திரியும் மான்களைப் பார்த்துப் பார்த்து வருகிற பிரியம் இருக்கிறதே, அதற்கு 'ஃபொண்ட் ஒஃப்'. இளஞ்சூடு. அஃபெக்‌ஷன் வெளியில் தெரிகிற அன்பு: அம்மம்மா தலை தடவுவது, கன்னம் கிள்ளுவது. லவ் வாய் திறக்காமலும் இருக்கும். எங்கள் அப்பாமார் பலரிடம் லவ் நிறைய, அஃபெக்‌ஷன் கொஞ்சம். அடோர் லவ்வுக்கும் மேலே. லத்தீனில் அதன் வேர் வேண்டுதல், வழிபாடு.

படி 3: பாஷனைத் தனியாக எடுங்கள்

கொடித்தோடை ஜூஸ் போத்தலில் 'பாஷன் ஃபுரூட்' என்று இருக்கும். காதல் பழம் என்று நினைத்திருந்தேன், இல்லை. லத்தீனில் இந்தச் சொல்லின் வேர் துன்பப்படுவது. பெரிய வெள்ளியில் தேவாலயத்தில் திருப்பாடுகள் (இயேசு பட்ட துன்பங்கள்) என்பதுதான் ஆங்கிலத்தில் பாஷன். தென்னமெரிக்காவுக்குப் போன ஸ்பானிய மிஷனரிமார் அந்தக் கொடியின் பூவில் முள்முடியையும் ஆணிகளையும் கண்டார்கள். பூவின் பெயர் பழத்துக்கும் வந்தது. கொம்பாஷன் என்றாலும் இன்னொருவரோடு சேர்ந்து துன்பப்படுவது, அதாவது இரக்கம்.

ஆகவே பாஷன் வெறும் ஆர்வம் அல்ல. ஆளைப் பிடித்து ஆட்டுகிற ஒன்று. அதற்காகக் கஷ்டப்படவும் மனம் வரும். காதலிலும் வரும், தொழிலிலும் வரும். தங்கச்சி போட்டிருக்க வேண்டியது இதைத்தான். ஆனாலும் இப்போது எல்லா விண்ணப்பத்திலும் இதே சொல் வந்து தேய்ந்துவிட்டது. உண்மையாகவே இராத்திரி நித்திரையைக் கெடுக்கிற அளவுக்கு இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் 'இன்ட்ரஸ்ட்' போதும்.

படி 4: தீர்ப்பு ஒளிந்திருக்கிறதா?

ரியூஷனில் முன் வாங்குப் பிள்ளையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது க்ரஷ். பாரமில்லாதது. இன்ஃபாச்சுவேஷனின் வேரில் இருப்பது மூடத்தனம். "கண் மயங்கி நிற்கிறான், கொஞ்ச நாளில் தெளியும்" என்ற தீர்ப்பும் அதோடு சேர்ந்தே வரும். அதைத் தன்னைப் பற்றியே எழுதி வேலை கேட்பதா! ஒப்செஷன் என்பது நம்முடைய 'விசர்': தெளியாது. வெளிநாட்டு மோகம் என்கிறோமே, அதற்கு க்ரேஸ் (craze) பொருந்தும்.

படி 5: வால் சொல்

ஃபொண்டுக்கு 'ஒஃப்'. அஃபெக்‌ஷன், பாஷன் இரண்டுக்கும் 'ஃபோ'. பாஷனேட் என்றால் 'எபவுட்'. ஒப்செஸ்ட், இன்ஃபாச்சுவேட்டட் இரண்டுக்கும் 'வித்'. மனப்பாடம்தான், வேறு வழியில்லை.

பயிற்சி

கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை உச்சிக்கு ஆங்கிலத்தில் 'லவர்ஸ் லீப்' என்று பெயர். காதலன் கப்பலேறிப் போவதைக் கண்ட ஒல்லாந்தப் பெண் ஒருத்தி அங்கிருந்து குதித்தாள் என்பது கதை. அவளுடைய உணர்ச்சிக்கு எந்தச் சொல் என்று எழுதிப் பாருங்கள். நான் பாஷன் என்று எழுதினேன். அம்மாவிடம் கேட்டேன்.

"விசர்" என்றார், மீன் வெட்டிக்கொண்டே. படி 4.