காரைக்குடி வெயிலில் மாண்டிஸ் இறால் வளர்ப்பு

இரையைக் குத்தி உடைக்கும் கடலுயிரியான மயில் மாண்டிஸ் இறாலுக்கு 150 லிட்டர் அக்ரிலிக் தொட்டி எடுங்கள். இறாலின் குத்தில் மெல்லிய கண்ணாடி விரிசல் விடலாம். அடியில் மணல், பவளக்கல், இறால் உள்ளேயே திரும்பும் அகலத்தில் பிவிசி குழாய். உப்புநீரின் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025, வெப்பம் 24–27 டிகிரி.

சித்திரை வெயிலில் இந்த வெப்பம்தான் பெரும்பாடு. தொட்டியை முற்றத்தில் வைக்காமல் வீட்டுக்குள் இரண்டாம் கட்டில் வையுங்கள். நீரைக் குளிர்விக்கும் சில்லர் இருந்தால் நிம்மதி. மின்விசிறி மட்டும் வைத்தால் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஆர்ஓ நன்னீரையே ஊற்றுங்கள். செம்புக் குடத்து நீர் கூடவே கூடாது: செம்பு இறாலைக் கொன்றுவிடும்.

வாரம் 3 முறை தொண்டிக் கடற்கரைப் பக்கத்து நண்டு, மட்டி. இடுக்கியால் கொடுங்கள், மிச்சத்தை அன்றே எடுங்கள். உடன் மீன் விடாதீர்கள், தின்றுவிடும். இறால் குழாய் வாயை அடைத்து, உண்ணாமல் கிடந்தால் ஓடு கழற்றுகிறது. பாவம், உடம்பு மெத்தென்றிருக்கும், தோண்டிப் பார்க்காதீர்கள்.