பாரா தீவுக்குப் போகிறீர்களா?

ஸ்காட்லாந்தின் மேற்கே, அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவு வரிசையில் உள்ள பாராவுக்குப் பெருநிலத்திலிருந்து இரண்டு வழிகள். ஓபன் என்னும் துறைமுக ஊரிலிருந்து பாராவின் காசில்பே துறைக்குக் கப்பலில் சுமார் 5 மணி நேரம். காரோடு போவதானால் கோடைக்குப் பல வாரம் முன்பே இடம் பிடியுங்கள். கிளாஸ்கோவிலிருந்து சின்ன விமானம் உண்டு. அது இறங்குவது கடற்கரை மணலில்! அலை ஏறினால் ஓடுதளமே தண்ணீருக்குள் போய்விடும். அதனால் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும். மூடுபனியோ பலத்த காற்றோ வந்தால் விமானமும் கப்பலும் ரத்தாகலாம். திரும்பும்போது, ஊருக்குப் போகும் பெரிய விமானத்துக்கு முன் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

விமானம் இறங்கும் அந்தக் கடற்கரையில், காற்றின் திசை காட்டும் காற்றுப்பை பறந்தால் மணலில் கால் வைக்காதீர்கள். விமான நிலையம் இயங்குகிறது என்று அர்த்தம்.

ஜூனிலும் மழைச்சட்டை, நீர் புகாத காலணி வேண்டும். குடை வீண், காற்று முறித்துவிடும். காற்று ஓய்ந்த மாலைகளில் மிட்ஜ் எனும் பொடிக்கொசு மொய்க்கும், தலையையும் முகத்தையும் மூடும் வலை எடுத்துக்கொள்ளுங்கள். 383 மீட்டர் உயர ஹேவல் மலையில் ஏறப் பாதி நாள் ஒதுக்கினால் போதும். பாதை சதுப்பாக இருக்கும்.

ஒற்றைத்தடச் சாலையில் அகலமான ஒதுங்கிடங்களில் நின்று எதிர்வண்டிக்கு வழிவிடுங்கள். அங்கே காரை நிறுத்திவைக்கக் கூடாது.