அஞ்செட்டி, பென்னாகரம் காட்டு ஓடைகளை வரைபடமாக்குவது எப்படி?

எனக்கு ஒரு வாரம் பிடித்த வேலை இது. நீங்கள் ஒரு மாலையில் முடித்துவிடலாம். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை நிறுவி, அதில் கிராஸ் கருவிகள் (நிலத்தரவைக் கணக்கிடும் துணைத் தொகுப்பு) திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

1. உயரத் தரவு

எஸ்ஆர்டிஎம் போதும்; நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து உயரம் சொல்லும் தரவு அது. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் எடுத்தது, ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். நாசா தளத்தில் கணக்குத் தொடங்கி, என்12இ077, என்12இ078 (வடக்கு 12 டிகிரி, கிழக்கு 77, 78 டிகிரியில் தொடங்குபவை) ஆகிய இரண்டு துண்டுகளையும் இறக்குங்கள்.

2. ஒட்டுவது

நான் விழுந்த குழி இதுதான். 78 டிகிரி தீர்க்கரேகை நம் தருமபுரிப் பகுதியை இரண்டாகப் பிளக்கிறது. ஒகேனக்கல், பென்னாகரம் மேற்கே. தருமபுரி நகரம் கிழக்கே. தரவுத் துண்டும் அங்கேதான் முடிகிறது, யூடிஎம் மண்டலமும் (மீட்டரில் அளக்க பூமியை 6 டிகிரிக்கு ஒன்றாகப் பிரித்த பட்டை) அங்கேதான் 43லிருந்து 44க்கு மாறுகிறது. நான் ஒவ்வொரு துண்டையும் அதனதன் மண்டலத்தில் போட்டுத் தனித்தனியாக ஓடை எடுத்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் தடித்து வந்த ஓடை, இந்தப் பக்கம் ஆளையே காணோம்! மேலிருந்து சேர்ந்து வந்த தண்ணீரின் கணக்கு துண்டின் ஓரத்தோடு அறுந்துவிட்டது.

சரி, வழி என்ன? முதலில் மெர்ஜ் செய்து ஒட்டுங்கள். அப்புறம் மொத்தத்தையும் மண்டலம் 43க்கு (குறியீடு 32643) மாற்றுங்கள். மாற்றும்போது 'நியரஸ்ட் நெய்பர்' (அருகிலுள்ள ஒரு கட்டத்தின் உயரத்தை அப்படியே எடுப்பது) என்றிருப்பதை 'பைலீனியர்' (சுற்றியுள்ள நான்கு கட்டங்களைக் கலந்து கணக்கிடுவது) ஆக்குங்கள். மறந்தால் மலைச்சரிவெல்லாம் கோடு கோடாக விழும்.

3. ஓடை எடுப்பது

தண்ணீர் எங்கே சேர்ந்து ஓடும் என்று கணக்கிடும் கிராஸ் கருவியான ஆர்.வாட்டர்ஷெட்டைத் தவிர வேறெதையும் நான் தொடுவதில்லை. உயரத் தரவில் உள்ள குழிகளை முன்கூட்டியே நிரப்பும் வேலை இதற்கு வேண்டாம். ஓடை என்று கணக்கிடத் தேவையான நீர்ப்பிடிப்பின் குறைந்தபட்ச அளவு 500 கட்டம், அதாவது 45 ஹெக்டேர். ரொம்பக் குறைத்தால் மழைத்தண்ணீர் வழிந்த தடமெல்லாம் ஓடையாகிவிடும்.

4. ஏரிகள்

இதில் கணினியை நம்பாதீர்கள். 30 மீட்டர் கட்டத்தில் ஏரிக்கரை சரியாகப் பதியாது. என் முதல் ஏரியில் ஓடைக் கோடு கரையின் நடுவே புகுந்து போனது. நிஜத்தில் உபரித் தண்ணீர் ஓரத்துக் கலிங்கு வழியாக இறங்குகிறது. செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்து, ஏரியைக் கையால் வரைந்து, கோட்டைக் கலிங்குக்கு நகர்த்துங்கள். பெயர்களுக்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்தான் என் தேர்வு.

பின்சேர்க்கை: சின்னாறு சிறு வாய்க்கால் மாதிரி வருகிறது என்று ஒருவர் எழுதினார். தருமபுரி மாவட்ட எல்லையில் தரவை முதலிலேயே வெட்டியிருக்கிறார். சின்னாறு கிருஷ்ணகிரி மாவட்ட மேட்டிலிருந்து வந்துதான் ஒகேனக்கலில் காவிரியோடு சேர்கிறது. எல்லையில் வெட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.