ஜப்பானிய மொழி தெரியாமல் ஜப்பானில் மருத்துவரைப் பார்ப்பது எப்படி?

மொழி தெரியாத அச்சத்தில், ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளை விழுங்கியே காய்ச்சலைக் கடத்திவிடுகிறவர்கள் ஜப்பானில் வாழும் நம்மவர்களில் நிறையப் பேர். டோக்கியோவின் நிஷிகசாய் போல இந்தியர்கள் சேர்ந்து வாழும் பகுதி என்றால் துணைக்கு யாராவது வருவார்கள். சிறு நகரத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜப்பானியப் புறநோயாளிகள் பிரிவு பேச்சைவிடக் காகிதத்தால்தான் அதிகம் நகர்கிறது. உரிய தாள்கள் கையில் இருந்தால், சில சொற்களோடே மருந்து வாங்குவது வரை போய்வந்துவிடலாம்.

1. எங்கே போவது?

மூச்சுத்திணறல், மார்புவலி, நினைவு தப்புதல் என்றால் இந்தப் படிகள் எதுவும் வேண்டாம், 119-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.

மற்றபடி, நேரே பெரிய மருத்துவமனைக்குப் போகாதீர்கள். வேறொரு மருத்துவர் எழுதிய பரிந்துரைக் கடிதம் (ஷோகாய்ஜோ) இல்லாமல் முதன்முறை போனால், 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் தனிக்கட்டணம் வாங்குவார்கள். 2022 அக்டோபரிலிருந்து அது குறைந்தது 7,000 யென். காப்பீடு இதைத் தாங்காது. வீட்டருகே உள்ள சிறிய கிளினிக்கே முதல் இடம். தேவைப்பட்டால் கடிதத்தை அவர்களே எழுதித் தருவார்கள்.

காய்ச்சல், வயிறு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் 'நைக்கா' (பொது மருத்துவம்). காது, மூக்கு, தொண்டைக்கு 'ஜிபிக்கா'. தோலுக்கு 'ஹிஃபுக்கா'. முதுகுவலி, மூட்டுவலிக்கு 'ஸெய்கெய் கெக்கா'. பல கிளினிக்குகள் வாரத்தின் நடுவே ஒரு பிற்பகல் மூடியிருக்கும்; மதிய இடைவேளையும் நீளம். பெரிய மருத்துவமனைகளில் பெரும்பாலும் காலையில் மட்டுமே புதியவர்களைப் பதிவு செய்வார்கள். நேரத்தை முன்பே பார்த்துவிடுங்கள். காய்ச்சல் இருந்தால் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

2. காப்பீடு

மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் அனைவரும் பொதுக் காப்பீட்டில் சேர வேண்டும். வேலையில் இருப்பவரை நிறுவனம் சேர்த்துவிடும்; மாணவர் உள்ளிட்ட மற்றவர்கள் நகராட்சி அலுவலகத்தில் சேரலாம். பெரும்பாலானோர் கட்டணத்தில் 30 சதவீதம் செலுத்தினால் போதும். 2024 டிசம்பர் 2 முதல் பழைய காப்பீட்டு அட்டைகளைப் புதிதாக வழங்குவதில்லை. 'மை நம்பர்' அட்டையில் (ஜப்பான் அரசு தரும் அடையாள எண் அட்டை) காப்பீட்டைப் பதிந்துகொள்ளுங்கள், அல்லது அதற்கு ஈடாகத் தரப்படும் உறுதிச் சான்றை (ஷிகாக்கு காக்குனின்ஷோ) எடுத்துச் செல்லுங்கள். குடியிருப்பு அட்டையும் உடன் இருக்கட்டும்.

3. வீட்டிலேயே ஒரு தாள் எழுதுங்கள்

மொத்த வேலையில் பாதி இதுதான். நோய் கண்ட உடம்போடு வரவேற்பு மேசையில் நின்றுகொண்டு சொல் தேடுவதைவிட, வீட்டில் உட்கார்ந்து எழுதுவது எவ்வளவோ மேல். எளிய ஆங்கிலத்தில் எழுதி, ஜப்பானிய மொழிபெயர்ப்பைக் கீழே சேருங்கள். 'வாய்ஸ்ட்ரா' என்ற இலவசச் செயலி இதற்கு உதவும். வாக்கியங்கள் குட்டையாக இருந்தால் மொழிபெயர்ப்பில் தவறு குறையும்.

எங்கே வலி, என்றிலிருந்து, எப்போது கூடுகிறது என்று எழுதுங்கள். காய்ச்சலை செல்சியஸில் குறியுங்கள். நம் வீட்டுத் தெர்மாமீட்டரின் 101 டிகிரி அங்கே 38.3. சாப்பிடும் மருந்துகளுக்கு வணிகப் பெயர் வேண்டாம், மூலப்பெயரே (உள்ளிருக்கும் மருந்துப்பொருளின் பெயர்) வேண்டும். நம் பாரசிட்டமாலுக்கு ஜப்பானில் 'அசெட்டமினோஃபென்' என்று பெயர். ஒவ்வாமை, பழைய அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள்.

வலியின் தன்மையையும் மருத்துவர் கேட்பார். விண்விண் என்று தெறித்தால் 'ஸுக்கிஸுக்கி'. ஊசி குத்துவதுபோல் சுருக்சுருக்கென்றால் 'ச்சிக்குச்சிக்கு'. தோல் எரிந்தால் 'ஹிரிஹிரி'. வயிற்றைப் பிடித்து முறுக்கினால் 'கிரிகிரி'. இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

4. வரவேற்பு மேசை

"ஹாஜிமெதே தெஸ்" (முதல்முறை வருகிறேன்) என்று சொல்லி அட்டையைக் கொடுங்கள். ஒரு கேள்வித்தாள் (மொன்ஷின்ஹியோ) தருவார்கள். ஆங்கிலப் படிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எழுதிய தாளை நீட்டுங்கள், அதைப் பார்த்து அவர்களே நிரப்பவும் கூடும்.

தமிழர்கள் கவனிக்க வேண்டியது பெயர். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தால், அங்கே உங்களை அந்தப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள், அதுவும் ஜப்பானிய உச்சரிப்பில். உங்கள் பெயரைக் கத்தகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களுக்கான ஜப்பானிய எழுத்து) எப்படி எழுதுவது என்று ஒருமுறை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். எழுத்து மாறினால் பதிவுகள் பொருந்தாமல் போகும். பல இடங்களில் எண்ணைச் சொல்லி அழைப்பார்கள். அது நமக்கு எளிது.

5. மருத்துவர் அறை

தாளைக் கொடுங்கள். புரியாததற்குத் தலையசைக்காதீர்கள். "எழுதித் தாருங்கள்" என்று சைகை காட்டினாலே எழுதித் தருவார்கள். பெரிய மருத்துவமனைகளில் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பு இருக்கலாம், முன்பதிவின்போதே கேளுங்கள். ஜப்பானியப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துப் போகும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அம்மாவின் ரத்தப்போக்கையோ அப்பாவின் கட்டியையோ ஒரு பத்து வயதுக் குழந்தையின் வாயால் விளக்கவைப்பது கொடுமை. தெரியாத சொல்லை அது ஊகித்துச் சொன்னால் சிகிச்சையே திசை மாறிவிடும்.

6. பணம், மருந்து

பணம் கட்டியதும் நோயாளி அட்டையும் (ஷின்சாத்சுகென்) மருந்துச்சீட்டும் கிடைக்கும். அட்டை அடுத்த முறைக்கும் வேண்டும். மருந்து பெரும்பாலும் வெளியே உள்ள மருந்தகத்தில்தான். சீட்டு, எழுதிய நாளையும் விடுமுறைகளையும் சேர்த்து, நான்கு நாளுக்கே செல்லும்.

மருந்தகத்தில் 'ஒகுசுரி தெச்சோ' என்ற மருந்துக் குறிப்பேடு கேட்டு வாங்குங்கள். மருந்து உறையில் 'ஷொக்குஸென்' என்றால் சாப்பாட்டுக்கு முன். 'ஷொக்குகோ' என்றால் பின். 'ஷொக்கான்' என்றால் இரு வேளைக்கும் நடுவே, அதாவது சாப்பிட்டு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து. 'தொன்புக்கு' என்று இருந்தால் வலியோ காய்ச்சலோ வரும்போது மட்டும். கேப்சூல் உறை பெரும்பாலும் விலங்குகளிலிருந்து எடுத்த ஜெலட்டின். சைவ உணவுக்காரர்களும் ஹலால் பார்ப்பவர்களும் அதை மருந்தாளுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மாத்திரையாகவோ பொடியாகவோ மாற்ற முடியுமா என்று அவரே மருத்துவரை அழைத்துக் கேட்பார்.