பழைய மியாட்டாவில் தண்ணீர்: கூரையைத் திட்டும் முன் வடிகாலைப் பாருங்கள்

சீட்டுக்குப் பின்னால் கார்பெட் நனைந்திருந்தால், பலரும் முதலில் கூரைத் தையலில் சிலிகான் பூசிவிடுகிறார்கள். மடக்கும் துணிக்கூரை போட்ட காரான மாஸ்டா மியாட்டாவில், 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறையில், இது பெரும்பாலும் வீண் வேலை. பின் ஜன்னல் வழியாக இறங்கும் மழைநீரைக் கூரையின் பின் விளிம்பில் உள்ள ஒரு வடிகால் பட்டை வாங்கி இரு பக்கமும் தள்ளும். அங்கே சீட் பெல்ட் தூணருகே உள்ள துளையில் இறங்கி, குழாய் வழியாகப் பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். இலைச் சருகும் மண்ணும் துளையை அடைத்தால் தண்ணீர் தேங்கி உள்ளே வழியும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்திலும் புகும். அது உள்ளிருந்தே துருப்பிடிப்பதால், வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்தகடு பாதி போயிருக்கும்.

அடைப்பைத் திருப்புளியால் குத்துவதும், கம்ப்ரசர் காற்றடிப்பதும் அடுத்த தவறு. குழாய் இணைப்பு கழன்றுவிட்டால் நிலைமை முன்பைவிட மோசம். கூரையைப் பாதி மடக்கி, கையை விட்டுத் துளையைத் தேடுங்கள். குப்பையை விரலால் எடுத்துவிட்டு, புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பை மெதுவாக உள்ளே செலுத்துங்கள். பிறகு அரை லிட்டர் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். கீழே சரசரவென்று கொட்டினால் சரி. சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு மீதி இருக்கிறது. ஊற்றியது உள்ளே போய், கீழே எதுவும் வராவிட்டால் குழாய் கழன்றிருக்கலாம், உடனே ஊற்றுவதை நிறுத்துங்கள். வருடத்துக்கு இரண்டு முறை போதும். மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் மாதாமாதம் பார்ப்பது நல்லது.

இந்தத் தலைமுறையில் பின் ஜன்னல் பிளாஸ்டிக். ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்க வைத்த பிறகே கூரையை இறக்க வேண்டும். அவசரத்தில் அப்படியே இறக்கினால் நடுவில் மடிப்பு விழுந்து, நாளடைவில் அங்கேயே கிழியும். குளிர் நாட்டில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும். ஹீட்டர் போட்டு இளகவிட்டுத் தொடுங்கள். காய்ந்த தூசியைத் துணியால் துடைத்தால் கீறல், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பட்டால் மங்கல். நிறைய தண்ணீர், மிருதுவான துணி, அவ்வளவுதான். (முந்தைய உரிமையாளர் கண்ணாடி ஜன்னல் வைத்த கூரைக்கு மாறியிருந்தால், ஜிப் விஷயத்தில் அந்தக் கூரை செய்தவரின் குறிப்பைப் பின்பற்றுங்கள்.)

நனைந்த கூரையை மடக்கி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அந்த வாடை லேசில் போகாது. வழியில் வேறு வழியில்லாமல் மடக்கியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காயவிடுங்கள். பிரஷர் வாஷரைத் தையல் பக்கமே கொண்டுபோக வேண்டாம். கதவு ரப்பருக்கு வாசலின், கிரீஸ் போன்ற பெட்ரோலியப் பொருள்கள் ஆகாது, ரப்பர் ஊதிப்போகும். சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவினால் போதும்.

பேட்டரி வாங்கும்போதும் கவனம். அது டிக்கியில் இருப்பதால், கம்பெனி வைத்தது மூடிய ஏஜிஎம் வகை (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் பேட்டரி), வாயு வெளியேறத் தனிக் குழாயோடு. விலை குறைவென்று சாதாரண ஆசிட் பேட்டரியைக் குழாய் இல்லாமல் மாட்டினால், ஆவி அங்கேயே தங்கி டிக்கித் தகட்டை அரித்துவிடும்.

காரைப் பூட்டிவிட்டு உள்ளே பையை வைத்துப் போவதும் வேண்டாம். துணிக்கூரையைக் கிழிக்க ஒரு பிளேடு போதும். திருடுபோகும் பொருளைவிடப் புதுக் கூரைக்குத்தான் அதிகம் செலவாகும். அதனாலேயே சில உரிமையாளர்கள் காரைக் காலியாக வைத்துக் கதவைப் பூட்டாமலே விடுகிறார்கள். ஆனால் அதற்கு முன் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பூட்டுவது பற்றி என்ன இருக்கிறது என்று படித்துவிடுங்கள்.