ஆசனவாய்க் கருவிகள்: ஆண்கள் முதன்முதலில் கவனிக்க வேண்டியவை

பெண்களை விரும்பும் ஆண் ஆசனவாய் வழி இன்பத்தை நாடுவதால் அவனுடைய பாலீர்ப்பு மாறிவிடுவதில்லை. விரலுக்கு எட்டும் ஆழத்தில், தொப்புள் பக்கமாக இருக்கும், தொட்டால் இன்பம் தரக்கூடிய புராஸ்டேட் சுரப்பி எல்லா ஆண்களுக்கும் உண்டு.

கருவி வாங்கும்போது முதலில் அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். மலக்குடல் பொருள்களை மேலே இழுத்துக்கொள்ளக் கூடியது என்பதால், அடி அகலமாக விரியாத எதையும் நுழைக்கக் கூடாது. விரல் பருமனுள்ள சிலிகான் கருவியே தொடக்கத்துக்குப் போதும்.

ஆசனவாயில் தானாக ஈரம் சுரக்காது. ஆகவே நீர் சார்ந்த மசகு ஜெல்லைத் தாராளமாகத் தடவ வேண்டும். நீலகிரியில் வீட்டுக்கு வீடு இருக்கும் யூகலிப்டஸ் தைலம் பட்ட கையால் தொடவே கூடாது, உட்சவ்வு கடுமையாக எரியும். மார்கழிக் குளிரில் ஊட்டியில் கருவியும் ஜெல்லும் சில்லிட்டுக் கிடக்கும். குளிர்ச்சி பட்டால் தசை இறுகும் என்பதால், கருவியை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்து, மணிக்கட்டில் சூடு பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

ஆசனவாயை மூடி வைக்கும் உள் சுருக்குத்தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாதது. மூச்சை மெதுவாக வெளியே விட்டு, அது தளரும்வரை காத்திருங்கள். வலி என்பது எச்சரிக்கை; மரத்துப்போகச் செய்யும் களிம்பைப் பூசி அதை மறைப்பது ஆபத்து. மூலமோ வெடிப்போ இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கருவி உள்ளே சிக்கினால் இடுக்கி போட்டுத் துழாவாமல், வெட்கத்தைத் தள்ளிவைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தம் நிற்காவிட்டாலும் அப்படியே. பயன்படுத்திய கருவியைச் சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி வையுங்கள். மலைக்காற்றின் ஈரத்தில் உலர நேரமெடுக்கும்.